தாய்வான் சாமான்

என் கணவர் மாரடைப்பில் போன பிறகு எனக்கென்று மிஞ்சியது வெள்ளவத்தையில் ஒரு வாடகை வீடும் ஒரு பழைய ஜப்பான் ஜீப்பும்தான். அந்த நீளமான ஜீப்பின் பின்பக்கம் உட்கார வாங்குகள் போட்டு, பம்பலப்பிட்டிப் பள்ளிக்கூடங்களுக்குப் பிள்ளைகளை ஏற்றி இறக்கிப் பிழைத்துக்கொண்டிருந்தேன். பொம்பிளை ஜீப் ஓட்டுகிறாள் என்று சிரித்தவர்கள் இருந்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஒருநாள் காலை, காலி வீதிச் சோதனைச் சாவடியில் அடையாள அட்டையைக் காட்டிவிட்டுப் புறப்பட்டபோது என்ஜின் உறுமியது, ஜீப் நகரவில்லை. கியரை மாற்றி மிதித்துப் பார்த்தேன். உறுமல்தான் கூடியது. இரைச்சல் கேட்டு ஒரு சிப்பாய் துவக்கை நீட்டிக்கொண்டு ஓடிவந்தான்.

“பஹின்ன! ஒக்கோம பஹின்ன!”

எல்லாரும் இறங்கினோம். பிள்ளைகளின் புத்தகப் பைகளை நடைபாதையில் கவிழ்த்துக் கொட்டினார்கள். சாப்பாட்டுப் பெட்டிகளைத் திறந்து பார்த்தார்கள். பாலர் வகுப்புப் பிள்ளையொன்று பயத்தில் சீருடையோடு சலம் போய்விட்டது. அதைத் தூக்கப் போன என்னை, “அசையாமல் நில்” என்று ஒருவன் தடுத்தான். பின்னால் நின்ற பஸ்காரர்கள் ஹோர்ன் அடித்துத் திட்டினார்கள். ஜீப்பைத் தள்ளிக் கரை சேர்த்தபோது பள்ளி மணி அடித்து நெடுநேரமாகியிருந்தது.

பின்னேரம் ஒரு தாய் வந்து, இனித் தன் மகளை ஏற்ற வேண்டாம் என்றாள். “உங்களில பிழை இல்லை அக்கா. ஆனா அது நிண்ட இடம் பிழை.” அவளுக்குப் பின்னால் மற்றவர்களும் வந்தார்கள். வாரக் கடைசிக்குள் என் ஜீப்பில் ஏற ஒரு பிள்ளையும் இல்லை.

கணவரின் தமையனுக்குக் கொட்டாஞ்சேனையில் இரும்புக்கடை. நான் அவரைப் பெரியத்தான் என்று கூப்பிடுவேன். விஷயத்தைக் கேள்விப்பட்டு, தனக்குத் தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு வந்தார். மெக்கானிக் ஜீப்பின் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, போனது ட்ரான்ஸ்பர் கேஸ் என்றார். கியர்பொக்ஸுக்குப் பின்னால் இருக்கும் பெட்டி அது. என்ஜினின் பலத்தை முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் பிரித்துக் கொடுப்பது. உள்ளே சங்கிலி இளகி, பல்லுத் தேய்ந்து, எண்ணெயும் ஒழுகிக்கொண்டிருந்தது.

“இது இனிச் சரிவராது,” என்றார் பெரியத்தான். “ஜப்பான் ஒரிஜினல் போட உம்மால ஏலாது. ஜீப்பை என்னட்டத் தாரும், ஒரு ஆளிட்ட வித்து விடுறன்.”

“தாய்வானில செய்த புதுசு வருதாம் பெரியத்தான். அந்த விலையெண்டா எனக்குக் கட்டும்.”

“போலிச் சாமானைப் போட்டு ஊரார் பிள்ளையளைச் சாகக் குடுக்கப்போறீரே? நீர் பொம்பிளை. பஞ்சிகாவத்தைச் சாமான் கடையளில போய் என்னெண்டு கேப்பீர்?”

அவர் ரெலிபோன் எடுக்க உள்ளே போன இடைவெளியில் மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே மெல்லச் சொன்னார், “தங்கச்சி, ஜீப்பை வாங்கப்போற ஆள் வேற ஒருத்தருமில்லை. அவற்ற மச்சினன்தான்.” அதற்குப் பிறகு யாரிடம் கேட்க வேண்டும்? பழைய பெட்டியில் பதித்திருந்த இலக்கத்தை எழுதி எடுத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை காலையில் பஞ்சிகாவத்தைக்குப் போனேன்.

கடை கடையாக ஏறினேன். சிலர் நான் கேட்பதை முழுக்கக் கேட்காமலே இல்லையென்றார்கள். கடைசியில் ஒரு முஸ்லிம் முதலாளி இலக்கத்தைப் பார்த்துவிட்டு உள்ளேயிருந்து ஒன்றைத் தூக்கிவரச் சொன்னார்.

“ஜப்பானுக்குச் சமன் எண்டு பொய் சொல்ல மாட்டேன் தங்கச்சி. மலைக்கு, சேத்துக்கு எல்லாம் கொண்டு போகாதீங்க. ஸ்கூல் ஓட்டத்துக்கு இது காணும்.”

எண்ணெய்க் கடதாசியில் சுற்றிச் சாக்கில் கட்டித் தந்ததை ஒரு ஓட்டோவில் ஏற்றினேன். கொம்பனித்தெருச் சாவடியில் மறித்தார்கள். சாக்குக்குள் பாரமான இரும்பு. பக்கத்தில் யாழ்ப்பாணத்து அடையாள அட்டையோடு ஒரு பெண். ஜீப்பின் சாமான் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். குண்டோ என்று சிப்பாய் சாக்கைத் தொடவே பயந்தான். ஓட்டோக்காரன் என்னைத் தெரியாது, தெரியாது என்று கும்பிட்டான். கொஞ்ச நேரத்தில் நான் பொலிஸ் ஸ்டேசன் வாங்கில் இருந்தேன்.

“கொழும்பில் உங்களுக்குப் பொறுப்புச் சொல்ல யார் இருக்கிறார்கள்?” என்று இன்ஸ்பெக்டர் சிங்களத்தில் கேட்டார்.

பெரியத்தானின் கடை இலக்கத்தைக் கொடுத்தேன். ஆத்திரம் இருந்தாலும், அந்த நேரத்தில் வாயில் வந்தது அவர்தான். இன்ஸ்பெக்டர் பேசிக்கொண்டிருந்தபோது மறுமுனையில் அவருடைய குரல் எனக்கே கேட்டது. “தன்னே நே மாத்தயா, தன்னே நே.” தெரியாது ஐயா, தெரியாது.

இன்ஸ்பெக்டர் ரிசீவரை வைத்தார். “தம்பி செத்த பிறகு உங்களோடு தொடர்பே இல்லையாம். ஜீப் ஒன்று இருப்பதும் தெரியாதாம்.”

எனக்கு அழுகை வரவில்லை. உடம்பு முழுக்கச் சூடாகியது. முந்தின கிழமை என் முற்றத்தில் நின்று அந்த ஜீப்பின் டயரைக் காலால் உதைத்துப் பார்த்தவர் அவர்.

சாமான் வாங்கிய கடைச் சிட்டை கைப்பையில் இருந்தது. அதிலிருந்த இலக்கத்துக்கு எடுக்கச் சொன்னேன். முதலாளி வியர்த்து வழிய வந்தார். வந்ததும் என்னை முறைத்தார். இன்ஸ்பெக்டரோடு சரளமான சிங்களத்தில் கதைத்து, கையோடு கொண்டுவந்த ஸ்பானரால் பெட்டியின் மூடியைக் கழற்றி, சங்கிலியையும் பல்லுச் சக்கரங்களையும் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். பின்னேரமாகித்தான் விட்டார்கள்.

வெளியே வந்ததும் வெடித்தார். “எனத்த தங்கச்சி இது? ஜும்மாத் தொழுகையையும் விட்டுப்போட்டு வந்தீக்கிறேன். நாளைக்கு என்ட கடையை வந்து கிண்டினா ஆரு பதில் சொல்ற? இனி என்ட கடைப்பக்கம் வராதீங்க.”

நன்றி சொன்னேன். அவர் திரும்பிப் பார்க்காமல் போனார். அந்தக் கோபத்தை நான் குறையாக எடுக்கவில்லை. திட்டிக்கொண்டாவது வந்தார்.

எங்கள் ஒழுங்கையிலிருந்த சிங்கள மெக்கானிக் ஒருவர் பெட்டியை ஜீப்பில் பூட்டினார். ஆணித் துவாரங்கள் கொஞ்சம் விலகியிருந்தன. தாய்வானைத் தூஷணத்தால் ஏசிக்கொண்டே அரத்தால் ராவிச் சரிசெய்தார். கடற்கரை வீதியில் ஓட்டிப் பார்த்தேன். மிதித்த மிதிக்கு ஜீப் போனது. முன் சில்லுக்கும் மாற்றிப் பார்த்தேன், பிடித்தது. அந்தச் சந்தோசத்தைச் சொல்ல ஒருவரும் பக்கத்தில் இல்லை.

அடுத்த ஞாயிறு பெரியத்தான் மனைவியோடு வந்தார். நான் கேற்றைத் திறக்கவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று கதைத்தார்.

“நான் ஓமெண்டு சொல்லியிருந்தா என்னையும் இழுத்திருப்பாங்கள். எனக்குக் குடும்பம் இருக்கு. நீர் விளங்கிக்கொள்ள வேணும்.”

“விளங்குது,” என்றேன்.

உண்மையாகவே விளங்கியது. அந்த நாட்களில் ஒரு ரெலிபோன் அழைப்பில் காணாமல்போன ஆம்பிளைகள் இருந்தார்கள். அவர் பயந்ததில் பொய் இல்லை. ஆனால் பயந்த மனிதன் பயந்ததோடு நின்றிருக்க வேண்டும். அவர் நிற்கவில்லை.

“அந்த ஆள் இப்பவும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்,” என்றார், முற்றத்தில் நின்ற ஜீப்பைப் பார்த்தபடி. “புதுப்பெட்டியும் போட்டபடியா கொஞ்சம் கூட்டித் தருவார்.”

“உங்கட மச்சினனிட்டச் சொல்லுங்கோ, இது விற்கிறதுக்கில்லை. நீங்களும் இனி இஞ்ச வராதேங்கோ.”

அவருடைய மனைவி “ஐயோ, என்ன பிள்ளை இப்பிடி” என்று தொடங்கினார். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன்.

ஏற்ற வேண்டாமென்ற தாய்மாரில் சிலர் அடுத்த தவணையில் திரும்பி வந்தார்கள், சிலர் வரவேயில்லை. பெரியத்தானோடு நான் பிறகு கதைக்கவில்லை. கலியாண வீடுகளில் அவர் எதிரே வந்தால் மற்றப் பக்கத்தால் போவேன். சொந்தக்காரர் என்னைத் திமிர் பிடித்தவள் என்றார்கள். அவர் ஸ்டேசனுக்கு என்ன சொன்னார் என்று நான் அவர்களுக்குச் சொல்லவில்லை. சொன்னால் அவருக்காக நியாயம் பேசுவார்கள். அதைக் கேட்க எனக்குப் பொறுமை இருக்கவில்லை.