செலக்டர் வீட்டு டிவி மங்கலாகத் தெரிந்த கதை

டிஷ் மாட்டுகிறவனுக்கு இரண்டு எஜமானர்கள்: மேலே சாட்டிலைட், கீழே வீட்டம்மா. மேலே இருப்பது இடம் மாறாது, சத்தமும் போடாது. அறுபத்தெட்டு வயதிலும் வேலூருக்கும் ஆம்பூருக்கும் நடுவே மொட்டை மாடி மொட்டை மாடியாக ஏறி இறங்குகிறேன். ரிமோட்டைத் தொடையில் தட்டித் தட்டி உயிர் கொடுக்கிற என் சக பாவிகளே, நான் சொல்வதில் பாதியைத்தான் என் வீட்டில் நம்புவார்கள். எந்தப் பாதி என்பதை நீங்களே பிரித்துக்கொள்ளுங்கள்.

புல்லை எண்ணலாம்

ஆம்பூரில் அந்தோணிசாமி என்று ஒருவர். டேனரியில் செலக்டர். பதனிட்டு வந்த தோலை மேசையில் விரித்து, உண்ணி கடித்த தழும்பு, கத்தி பட்ட கீறல் எல்லாம் பார்த்து, ஃபர்ஸ்ட், செகண்ட், தேர்ட் என்று சாக்பீஸால் எழுதுகிற வேலை. அவர் எழுதியதை முதலாளியே அழிக்க மாட்டார். முப்பது வருஷமாக அந்தக் கண்ணுக்குத்தான் சம்பளம்.

அவர் வீட்டு டிவியில் படம் மங்கலாம். முதலில் ஒயரை மாற்றினேன். தோல் ஊர்க் காற்றில் செம்புக் கம்பி சீக்கிரம் கறுத்துவிடும். சரியாகவில்லை. பிறகு டிஷ்ஷின் மூக்கை, சிக்னல் பிடிக்கிற அந்த முனையை, மாற்றினேன். அப்போதும் மங்கல். கடைசியில் நாற்பத்து மூன்று இஞ்ச் டிவியும், ரெக்கார்டு பண்ணுகிற எச்.டி. பாக்ஸும் வாங்க வைத்து மாட்டினேன். அக்கம்பக்கத்தார் வந்து பார்த்துவிட்டு, கிரிக்கெட் மைதானத்துப் புல்லை எண்ணலாம் போலிருக்கிறது என்றார்கள். அந்தோணிசாமி கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எச்.டி.ன்றது இதானா? பழைய டிவிக்கே பெரிய ஃபிரேம் போட்டுக் குடுத்திருக்கீங்க, அண்ணே."

குரங்கு பார்த்த வேலை

அவர் மனசு குளிரட்டும் என்று விரிஞ்சிபுரம் கதையைச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன். கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு விவசாயி வீடு. மூன்று தடவை ஏறியும் சிக்னல் வரவில்லை. அலுத்துப்போய் டீ குடிக்க இறங்கினேன். ஒரு குரங்கு வந்து டிஷ் கம்பியில் உட்கார்ந்தது. உள்ளே படம் பளிச்சென்று வந்துவிட்டது. குரங்கு எழுந்து போனதும் படமும் போய்விட்டது.

அதன் எடைக்கு ஒரு செங்கல்லைக் கம்பியில் கட்டினேன். இன்றுவரை அந்த வீட்டில் மழைக்குக்கூடப் படம் நிற்பதில்லை. நம்பாதவர்கள் போய்ப் பார்க்கலாம். அன்றைக்கு விவசாயி என்னை அனுப்பும்போது சொன்னார்:

"அடுத்த தபா நீங்க ஏன் பெரியவரே அலையறீங்க, அந்தக் கொரங்கையே அனுப்பி வைங்க. டீச் செலவும் கம்மி."

சாகாத மாமியார்

அந்தோணிசாமி மனைவி ஸ்டெல்லா ஷூ கம்பெனியில் தையல் பிரிவு. சாயந்திரம் ஏழு மணிக்கு ரிமோட் வீட்டுக்காரர் கையில் இருக்கும். அதனால் அவள் பார்க்கிற சீரியலை ரெக்கார்டு போட்டு, மறுநாள் வேலை விட்டு வந்து பார்க்கக் கற்றுக்கொடுத்தேன். பெரிய உபகாரம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

கம்பெனி வேனில் காலையில் இருபது பெண்கள். அத்தனை பேரும் முந்தின நாள் கதையைப் பேசிக்கொண்டு வருவார்கள். ஸ்டெல்லாவின் உலகம் மட்டும் ஒரு நாள் பின்னால் ஓடியது. நாலாவது கம்ப்ளைண்டுக்கு என்னைப் போனில் கூப்பிட்டவள் அதையும் சேர்த்துச் சொன்னாள்:

"வேன்ல எல்லாரும் மாமியா செத்துட்டான்னு அழுவுறாளுங்கண்ணே, எங்க வூட்ல அது இன்னும் காப்பி குடிச்சினு இருக்குது."

நிறுத்தி வைத்த படம்

நாலாவது கம்ப்ளைண்டும் அதேதான்: மங்கல். ஞாயிற்றுக்கிழமை போனேன். ஸ்டெல்லா மாதா கோயிலிலிருந்து திரும்பவில்லை. அந்தோணிசாமி கிரிக்கெட் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். படத்தை நிறுத்தி, "ஸ்கோர் எவ்ளோ?" என்றேன். பளிச்சென்று சரியாகச் சொன்னார். எனக்கு ஒரு குறும்பு தோன்றியது. சத்தத்தை அணைத்துவிட்டுக் கொஞ்சம் ஓடவிட்டேன். ஒரு விளம்பரம் வந்தது. உள்ளங்கை அகலத்துக்கு எழுத்து. அதில் நிறுத்தினேன். "இன்னா எழுதியிருக்குது?"

எழுந்தார். டிவிக்கிட்டே போனார். மூக்கு இடிக்கிற தூரத்தில் நின்றார். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"அப்போ டேனரில எப்டி?" என்றேன்.

"கட்டை விரலால தடவிப் பாத்து எழுதறேன். அடுத்த மாசம் தோல் வாங்கற வெளிநாட்டு பார்ட்டி வர்றான். என் எதுர்லயே ஒவ்வொரு தோலா பிரிச்சிப் பாப்பான். விஷயம் தெரிஞ்சா அன்னிக்கே சாக்பீஸை வேற ஆளுகிட்ட குடுத்துடுவாங்க."

"கண்ணுல புரையாத்தான் இருக்கும். வேலூர்ல ஆபரேஷன் பண்ணிக்கலாமே?"

"லீவு கேட்டா எதுக்குன்னு கேப்பாங்களே." கொஞ்ச நேரம் விரல் நகத்தில் ஒட்டியிருந்த சாக்பீஸ் தூளைச் சுரண்டினார்.

"டிவிதான் ரிப்பேர்னு ஸ்டெல்லா நம்பினு இருக்குது. நீங்களும் அப்டியே நம்பிட்டுப் போங்கண்ணே."

நம்பப்பட்ட ஒரே பேச்சு

நான் நம்பிவிட்டுப் போகிற ஆள் இல்லை. அந்த வாரமே டேனரி ஆபீசில் டிவி ரிப்பேர் பார்க்கப் போனவன், மேனேஜரிடம் அந்தோணிசாமிக்கு ஒரு வேண்டுதல் இருப்பதாகச் சொன்னேன். வேளாங்கண்ணிக்கு நடைப்பயணம். போகும்போது நடை, வரும்போது பஸ். வெட்கப்பட்டுக்கொண்டு லீவு கேட்காமல் இருக்கிறார். மேனேஜர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு மூன்று வாரம் லீவு கொடுத்தார்.

அந்தோணிசாமி ஸ்டெல்லாவிடம் உண்மையைச் சொன்னார். வேலூரில் ஒரு கண்ணுக்கு ஆபரேஷன், சில நாள் கழித்து மறு கண்ணுக்கு. கொஞ்ச நாள் டிவி கூடாது என்று அவளே சட்டம் போட்டு, கிரிக்கெட்டையெல்லாம் ரெக்கார்டு செய்து வைத்தாள். கறுப்புக் கண்ணாடியோடு வேலைக்குத் திரும்பியவரைப் பார்த்து, வெயிலில் நடந்த களைப்பு என்று மேனேஜர் நினைத்துக்கொண்டார். என் கதைகளை ஏற்கெனவே கேட்டவர், என்னைப் பார்த்ததும் சொன்னார்:

"செங்கல்லு, குரங்குன்னு எவ்ளோ விட்டிருக்கீங்க பெரியவரே; இது ஒண்ணுதான் நெஜம்."

பத்தடி தூரத்தில்

அந்தோணிசாமி பத்தடி தள்ளி உட்கார்ந்து எச்.டி. பார்த்த முதல் நாள் நானும் இருந்தேன். ஏதோ சினிமா. கண்ணை இடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஹீரோ போட்டுனு இருக்கற கோட்டு தோலே இல்ல, ரெக்ஸின்," என்றார்.

வெளிநாட்டு பார்ட்டி வந்தான். கட்டை விரல் எழுதிய தோலையெல்லாம் விளக்கு வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்தான். ஒன்றைக்கூடத் திருப்பி அனுப்பவில்லை. சாக்பீஸ் அந்தோணிசாமியிடமே தங்கியது. தகராறு அதற்குப் பிறகுதான். புதுக் கண்ணுக்கு எல்லாத் தோலிலும் ஏதாவது ஒரு புள்ளி தெரிகிறது. எதற்கும் ஃபர்ஸ்ட் போட மனசு வரவில்லை. மேனேஜர் பேஜாராகிவிட்டார். வீட்டிலும் அதே கதை: சுவரில் கறை, குழம்பில் கருகல். டிவி எப்படி இருக்கிறது என்று கேட்கப்போன என்னை ஸ்டெல்லா வாசலிலேயே நிறுத்தினாள்.

"பழைய கண்ணுக்கு நான் ஃபர்ஸ்ட் கிரேடுண்ணே. நேத்து என் மூஞ்சிய உத்துப் பாத்துட்டு, சட்டைப் பையில சாக்பீஸைத் தேடறாரு."

அதனால் எச்.டி. வேண்டுமென்று எந்த ஆண்பிள்ளை கேட்டாலும், மாடி ஏறுவதற்கு முன்னால் வீட்டம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் ஏறுகிறேன்.