எஸ் எழுத்தின் கடைசிப் புள்ளி

ரேடியோவை ரேடியோவாக விற்காமல், உதிரி உதிரியாக ஒரு டப்பாவில் போட்டு, நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள் என்று விற்பது எங்கள் தொழில். பாட்டுக் கேட்கிற ரேடியோ என்று நினைத்துவிடாதீர்கள். உரிமம் வாங்கிய பொழுதுபோக்குக்காரர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்கிற ஹாம் ரேடியோ. அதிலும் எங்களுடையது மிகச் சின்னது. பழைய ஜீரோ வாட் பல்பு தின்கிற மின்சாரத்தில் பாதிகூட இதற்கு வேண்டாம். இதில் வாயால் பேச முடியாது, மோர்ஸ் கீயைத் தட்டிப் புள்ளியும் கோடுமாக எழுத்துக் கூட்டித்தான் பேச வேண்டும். டில்லி துவாரகாவில் எங்கள் மொட்டைமாடிக் கம்பியிலிருந்து கிளம்பும் தட்டல் கோயம்புத்தூர் வரை போகிறது என்று சொன்னால், என் சொந்தத் தங்கையே "வாட்ஸ்அப் இருக்கேக்கா" என்கிறாள்.

என் கணவர் சேஷாத்ரி சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற கையோடு ஆரம்பித்தது இது. வடிவமைப்பது, சோதிப்பது அவர். டப்பா கட்டுவதும் போனில் திட்டு வாங்குவதும் நான். உங்கள் வீட்டிலும் சாப்பாட்டு மேஜையில் ஈயம் உருக்குகிற சால்டரிங் அயர்னைச் சூடாக்கி வைத்துவிட்டு, தட்டை எங்கே வைப்பது என்று கேட்கிற ஆள் யாராவது உண்டா? அப்படியானால் நீங்களும் நம்ம கட்சிதான். உட்காருங்கள்.

சுரண்டாத கம்பி

எங்கள் டப்பாவுக்குள் மோதிரம் போலச் சில வளையங்கள் இருக்கும். அவற்றில் மெல்லிய தாமிரக் கம்பியைச் சுற்ற வேண்டும். கம்பியின்மேல் பளபளவென்று ஒரு பூச்சு உண்டு. நுனியில் அதைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் ஈயம் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ரேடியோ ஊமை. டப்பாவில் வைக்கிற தாளில் இதைக் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறோம். அதனாலேயே யாரும் படிப்பதில்லை.

கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸிலிருந்து ஒரு செக்ஷன் ஆபீசர் போன் செய்தார். பாதி விடுமுறையை இதற்கே செலவழித்திருக்கிறார், பெண்டாட்டியிடம் பேச்சு வேறு வாங்கியிருக்கிறார், ரேடியோ மூச்சு விடவில்லை. "கம்பியைச் சுரண்டினேளா?" என்று கேட்டேன். மனிதர் திடுக்கிட்டுப் போனார். "புதுக் கம்பியைப் போய் யாராவது சுரண்டுவாளா மேடம்? பெயின்ட் எவ்வளவு அழகா இருக்கு!"

கரண்ட் போன நாள்

டில்லியில் இந்தத் தொழிலுக்கு எதிரி மழையோ வெயிலோ இல்லை, எல்.இ.டி. பல்புதான். அப்புறம் இன்வெர்ட்டர், காற்றைச் சுத்தம் செய்கிற மெஷின், அடுத்த வீட்டுக் குழந்தையின் சார்ஜர். எல்லாம் சேர்ந்து ரேடியோவில் ஒரே இரைச்சல். எங்கோ தூரத்தில் ஒருவர் மெல்லத் தட்டுவது அதில் அமுங்கிப் போகும்.

ஆகவே மின்வெட்டு என்றால் இவருக்குத் திருவிழா. ஒரு மே மாத மத்தியானம் எங்கள் செக்டர் முழுக்கக் கரண்ட் போய்விட்டது. லிப்ட் இல்லை, தண்ணீர் இல்லை. குடியிருப்பே வியர்த்து வழிந்துகொண்டு படியில் உட்கார்ந்திருந்தபோது, இவர் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு, வாயெல்லாம் பல்லாக, மொட்டைமாடிக்கு ஓடினார். எதிர்வீட்டு சாவ்லா அம்மாள் துப்பட்டாவால் விசிறிக்கொண்டே இவரை ஏற இறங்கப் பார்த்தார். கரண்ட்தான் போயிருக்கிறது, கல்யாணம் ஒன்றும் நடக்கவில்லை என்பதை இந்தியில் சொன்னார். "பாயி சாஹப், பிஜ்லி கயீ ஹை, ஷாதி நஹீ ஹை!"

யார் இந்த ஹெஹு?

பழனிசாமி கோயம்புத்தூரில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறவர். எங்கள் வாடிக்கையாளர், பிறகு சிநேகிதர். காலைக் காப்பி ஆனதும் இவரும் அவரும் ரேடியோவில் தட்டிக்கொள்வார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. ஆனால் மோர்ஸில் ஒவ்வொருவர் தட்டுவதற்கும் ஒரு கைவாகு உண்டு, கையெழுத்து மாதிரி. பெயர் சொல்வதற்கு முன்பே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

என் கணவர் ரேடியோவில் தன் பெயரைச் சுருக்கி 'சேஷு' என்றுதான் தட்டுவார். ஆங்கில எழுத்தில் அதைக் கூட்டினால் ஒரே ஒரு கோடு, மற்றதெல்லாம் புள்ளி. ஒருநாள் பழனிசாமி என்னைப் போனில் கூப்பிட்டு, "ஏனுங்க மேடம், யாருங்க அது ஹெஹுன்னு ஒருத்தர் சார் ரேடியோவுல?" என்று கேட்டார். எங்கேயோ ஒரு புள்ளி கூடிப்போகிறதாம், எஸ் ஹெச்சாக மாறிவிடுகிறதாம். நான் அப்போது மோர்ஸ் அறியாதவள். விழுந்து விழுந்து சிரித்தேன். ஒரு வாரம் இவரை ஹெஹு என்றே கூப்பிட்டேன்.

இவர் சிரிக்கவில்லை. கீயின் முனையைத் தேய்த்தார். ஸ்பிரிங்கை மாற்றினார். மேஜை ஆடுகிறது என்று காலுக்கு அட்டை வைத்தார். டில்லிக் குளிரில் விரல் மரத்துப் போகிறது என்றார். மார்ச் வந்து குளிரும் போயிற்று. பழனிசாமி மறுபடி போன் செய்தார், அன்றைக்கு அவர் குரலில் விளையாட்டு இல்லை. "கீ நல்லாத்தானுங்க மேடம் இருக்குது. சாரோட கையைக் கொஞ்சம் டாக்டர்கிட்டக் காட்டுங்க."

டாக்டரின் ரேடியோ

நரம்பு டாக்டர் நல்ல மனிதர். நடக்கச் சொன்னார், விரலைத் தட்டச் சொன்னார், ஒரு காகிதத்தில் சுருள் வரையச் சொன்னார். ஆயுசு முழுக்கக் கம்பிச் சுருள் சுற்றிய மனிதர் வரைந்த சுருள் கோணிக்கொண்டு போயிற்று. அதை நான் பார்த்துவிடாமல் இருக்க இவர் உள்ளங்கையால் மூடினார். பார்க்கின்சன், கையை நடுங்க வைக்கிற நரம்பு வியாதி என்று டாக்டர் சொன்னார். இவரோ, ஈயம் வைக்கிற வேலை செய்யலாமா, மோர்ஸ் தட்டலாமா என்று அவரை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். வீட்டில் ரேடியோ செய்கிறவர் என்பதுதான் டாக்டருக்குப் புரிந்தது. செய்வதை விட்டுவிட்டு இனிமேல் கேளுங்கள் என்று சிரித்த முகமாக ஆறுதல் சொன்னார். "அங்கிள்ஜி, ரேடியோ பனானா சோடியே. அப் பஸ் ஸுனா கீஜியே."

ஊரில் இல்லாத சார்

சுரண்டத் தெரியாதவர்களுக்காக, வளையத்தில் கம்பியைத் தானே சுற்றி அனுப்புவது இவர் வழக்கம். அவர் சுற்றினால் ஒரு சுற்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரே அளவு இடைவெளி இருக்கும். எங்கள் டப்பாவுக்கு இருந்த பெயரே அதனால்தான். அந்த வேலை என்னிடம் வந்தது. என் சுற்று, பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்ட பெண்ணுக்குப் போட்ட பின்னல் மாதிரி இருந்தது. இவர் எதிரே உட்கார்ந்து கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பார். பிடுங்கிச் சுற்ற வேண்டும் என்று அவருக்குத் துடிக்கிறது என்பது எனக்குத் தெரியும். அந்தத் துடிப்பைப் பார்க்கச் சகிக்காமல் நான் தலையைக் குனிந்துகொள்வேன்.

நாக்பூரிலிருந்து ஒரு தமிழ் வாடிக்கையாளர் கேட்டார், இந்த முறை சுற்று கொஞ்சம் தளர்ந்திருக்கிறதே, சார் ஊரில் இல்லையா என்று. ஆமாம், ஊருக்குப் போயிருக்கிறார் என்று சொல்லிவிட்டேன். போனை வைத்துவிட்டுத் திரும்பினால் எதிரே சார். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். "எந்த ஊருக்குப் போயிருக்கேன்னு எனக்கும் சொல்லி வச்சுடு உஷா. யாராவது கேட்டா நான் பாட்டுக்கு வேற ஊர் சொல்லிடப் போறேன்."

பிழையே இல்லாத ஒரு காலை

பெங்களூரில் இருக்கும் எங்கள் பிள்ளை ஒரு வழி கண்டுபிடித்தான். கம்ப்யூட்டரில் டைப் அடித்தால் போதும், அதுவே மோர்ஸாக்கி அனுப்பிவிடும். புள்ளியும் கோடும் அளவெடுத்தாற்போல் வரும். இவர் முகத்தைச் சுளித்தாலும் ஒரு காலை அப்படியே செய்து பார்த்தார். ஒரு விரலால் எழுத்தைத் தேடித் தேடி அடித்தார். அன்று யாரும் ஹெஹு என்று சொல்லவில்லை. முடிந்ததும் நானே ஆசையாகப் பழனிசாமியைக் கூப்பிட்டு எப்படி இருந்தது என்று கேட்டேன். ஸ்பீக்கரில் போட்டிருந்தது என் பிசகு. "தப்பே இல்லைங்க மேடம், அச்சடிச்சாப்புல இருந்துச்சு. சாரைத்தான் காணமுங்க."

காப்பிப்பொடி அவசரம்

அதற்குப் பிறகு இவர் கீயைத் தொடவில்லை. ஹெட்போனைப் போட்டுக்கொண்டு கேட்பார், அவ்வளவுதான். யாரோ கூப்பிடுவார்கள், இவருக்குப் பதில் சொல்ல வாய் திறந்தாற்போல இருக்கும், விரல் அசையாது. வீட்டிலும் பேச்சுக் குறைந்தது. வியாதியைவிட அந்த மௌனம்தான் என்னைப் பயமுறுத்தியது. அவருக்குக் காது நன்றாக இருக்கிறது, கைதானே இல்லை, என் கை சும்மாதானே இருக்கிறது என்று தோன்றியது. மோர்ஸ் கேட்காத சின்னப் பரீட்சை எழுதி உரிமம் வாங்கினேன். அவர் சொல்லச் சொல்ல நான் தட்டுவது என்று ஏற்பாடு. மோர்ஸ் கற்றுக்கொடுங்கள் என்றதும் அவர் முகத்தில் பழைய களை கொஞ்சம் வந்தது. ஒரே நிபந்தனை போட்டார். புள்ளி கோடு போட்ட அட்டவணையைக் கண்ணால் பார்க்கக் கூடாது, பாட்டு மாதிரி காதால்தான் கற்க வேண்டும். நல்ல மோர்ஸ்காரர்கள் எல்லோரும் அப்படித்தானாம்.

நடுங்குகிற கையால் அவர் தட்ட, நான் கேட்டுத் திருப்பித் தட்டினேன். குக்கர் மூடியில் தட்டினேன், மெட்ரோ கைப்பிடியில் தட்டினேன். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் காப்பிப்பொடி அரைக்கக் கொடுத்துவிட்டுக் கல்லா மேஜையில் என்னையறியாமல் தட்டிக்கொண்டு நின்றேன். கடைக்காரர் கூட்டத்தைத் தாண்டிக் குரல் கொடுத்தார். "மாமி, ஜல்தி பண்ணினா பொடி கருகிடும்! மேஜையை உடைச்சுடாதீங்கோ!"

எஸ்

அவருடைய எஸ் எழுத்தின் கடைசிப் புள்ளியில் ஒரு சின்ன இடறல் இருக்கும். கால் தடுக்கிச் சமாளித்துக்கொள்கிற மாதிரி. அவருக்குக் கை நடுங்குகிறது, ஒரு புள்ளி கூடிப்போகிறது என்பதெல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். ஆனால் காதால் மட்டுமே கற்றவளுக்கு எது எழுத்து, எது நடுக்கம் என்று பிரிக்கத் தெரியவில்லை. அந்த இடறலோடுதான் எனக்கு எஸ் பிடித்தும் போயிற்று. அப்படியே தட்டினேன். அவரும் கண்ணை மூடிக்கொண்டு, சரி, சரி என்று தலையாட்டினார். பழனிசாமியோடு பேசினோம். மனிதர் மரியாதைக்காரர், என் தட்டலைப் பற்றி மூச்சு விடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, யாரோ முன்பின் தெரியாதவர் கூப்பிட்டார். இவர் ஹெட்போனில் கேட்டு ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல, நான் எழுதிக்கொண்டே வந்தேன். என் பெயரைக் கேட்டார், தட்டினேன். உஷாவில் எஸ் வருகிறது, ஹெச்சும் வருகிறது. பதில் வந்தது. இவர் பாதியில் நிறுத்திவிட்டார். நான் விடாமல் கேட்டபிறகு சொன்னார். உங்கள் எஸ்ஸில் புள்ளி கூடுதல், கையைக் கவனிக்கவும் என்று அந்த மனிதர் நல்லெண்ணத்தோடு சொல்லியிருந்தார். எனக்கும் அதே வியாதியா? ஒரு நிமிஷம் என் கையையே பார்த்தேன். அது கல்லு மாதிரி இருந்தது, ஒரு நடுக்கமும் இல்லை. அவர் கையின் இடறலையும் ஒரு புள்ளியாகச் சேர்த்துத்தான் நான் எஸ் கற்றிருக்கிறேன் என்று அப்புறம்தான் எனக்கு உறைத்தது.

கோபம்தான் முதலில் வந்தது. "ஏன்னா, உங்க காதுக்குத் தப்பாதே! இத்தனை நாளா நான் தப்பா அடிக்கறேன்னு தெரிஞ்சுண்டேதானே தலையாட்டினேள்? மூணு புள்ளிடின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன?" என்று கத்தினேன். அவர் ஹெட்போனைக் கழற்றக் கொஞ்ச நேரம் ஆயிற்று. நான் உதவப் போகவில்லை. கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல், அதன் ஒயரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "சொல்லியிருக்கலாம். ஊர்ல எல்லாருக்கும் என் கை தப்புன்னு தெரிஞ்சுபோச்சு. உன் ஒருத்தி காதுக்குத்தான் அது இன்னும் சரியா இருந்தது. அதைக் கெடுத்துக்க எனக்கு மனசு வரலைடி உஷா."

உலகத்தார் ரேடியோவையெல்லாம் போனிலேயே பழுது பார்த்துக் கொடுக்கிற எங்கள் வீட்டில், காரணம் நன்றாகத் தெரிந்தும் வேண்டுமென்றே சரிசெய்யாமல் வைத்திருக்கிற ஒரே பழுது என்னுடைய எஸ் எழுத்துதான்.