படலையடியில் கேட்ட குரல்

என் கணவர் வாவியில் தோணி கவிழ்ந்து இறந்துபோய்ச் சில மாதங்கள்தான். ஒரு விடியற்காலை அவருடைய குரல் வேலிப் படலையடியில் கேட்டது. "ஆரும் எழும்பல்லையா? மீன் கிடக்கு."

நான்கு வயது மகள் "அப்பா!" என்று பாயை விட்டு ஓடினாள். நானும் ஓடினேன். நின்றது அவருடைய தம்பி ரூபன். அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே குரல், இருமல்கூட ஒன்றுதான். மகளின் முகம் வாடிப்போனது. மீனை வாங்கிக்கொண்டு அடுப்படிக்குள் போய் அழுது தீர்த்தேன்.

அதன்பிறகு ரூபன் தவறாமல் வந்தார். அந்த மீன் இல்லையென்றால் எங்கள் அடுப்பு எரிந்திருக்காது, அதை மறைக்க மாட்டேன். முதலில் படலையடி. பிறகு விறாந்தை. பிறகு ஒரு தேத்தண்ணி. அக்கரையில் அவருடைய மனைவி வயிற்றில் பிள்ளையோடு இருந்தாள். எனக்கு அது நன்றாகத் தெரியும், சகோதரிகளே. ஆனாலும் விடிந்தால் என் காது படலையில்தான் இருந்தது. அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தேத்தண்ணி ஊற்றுவேன். முகத்தைப் பார்க்காவிட்டால், பேசுவது என் கணவர் என்று நினைத்துக்கொள்ளலாம்.

சகோதரனின் மனைவியைத் தொடக்கூடாது என்று வேதம் போட்ட எல்லை எனக்குத் தெரியாததா? ஞாயிறு பாடசாலையில் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவள் நான். மற்றவர்களுக்குப் புத்தி சொல்ல எனக்கு வாய் நீளம். எனக்குச் சொல்ல நாக்கு எழவில்லை.

எப்போதும் "அண்ணி" என்கிறவர் ஒருநாள் காலையில் என் பேரைச் சொன்னார். "ரஜனி, தனிய இருக்கப் பயமில்லையா?"

தேத்தண்ணி கொட்டுப்பட்டது. "போயிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னேன். அவர் போனதும் தரையில் விழுந்தேன். "ஆண்டவரே, நாளைக்கும் அப்படிக் கூப்பிட்டால் நான் உள்ளே விட்டுவிடுவேன். என்னை நம்பாதேயும். யாரையாவது அனுப்பும்." யாரை அனுப்புவார்? எனக்குத் தாயும் இல்லை, தகப்பனும் இல்லை.

அன்று பின்னேரம் மாமி, என் கணவரின் தாய், வந்து நின்றார். கையில் பையும் தலையணையும். செத்த வீட்டில், "அந்தக் காத்துக்குள்ள என்ட புள்ளைய அனுப்பினவள்" என்று என்னை ஏசிவிட்டுப் போனவர், பிறகு என் முகத்திலேயே முழிக்கவில்லை. அதோடு எங்கள் ஊர்ப்பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மகன் பெண் வீட்டுக்குப் போவான். அவனுடைய தாய் அங்கே வந்து தங்குவது பெரிய மானக்கேடு.

"என்ன மாமி?"

"என்னண்டு தெரியாகா. மத்தியானம் சோறு இறங்கல்ல. வெளிக்கிட்டு வந்துட்டன். ஏன், வரப்படாதா?"

மறுநாள் விடியற்காலை அந்தக் குரல் கேட்டது. "ரஜனி!"

நான் எழும்புவதற்குள் மாமி ஓடினார். தலைமயிர் அவிழ, சேலை தடுக்க, விழுந்தெழும்பி ஓடினார். படலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அம்மாவா?" என்றார் ரூபன்.

"ஓம், நான்தான். அவள் உனக்கு அண்ணி. மீன என்னட்டத் தந்துட்டுப் போ மனே. அங்க உன்ட பொஞ்சாதி தனிய கிடக்காள்."

ரூபன் தலையைக் குனிந்துகொண்டு போனார். மாமி மீனோடு வந்து வாசற்படியில் குந்தினார். இனி என்னைக் கிழிக்கப்போகிறார் என்று நின்றேன்.

"அவன்ட குரல்தான் புள்ள" என்றார். "சின்னவன் எண்டு தெரியும். தெரிஞ்சும் ஓடினன். பெத்த நானே ஓடினா, நீ என்னகா செய்வாய்?"

இருவரும் கட்டிப்பிடித்துக் குழறி அழுதோம். என் கணவருக்காக நான் தனியே அழாத முதல் நாள் அது.

மாமி இன்றும் என் வீட்டில்தான். ரூபனுக்கு ஆண் பிள்ளை பிறந்திருக்கிறது. மனைவியையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு வரும்போது மட்டும் விறாந்தைக்கு வருவார், "அண்ணி" என்பார். ஞாயிறு வகுப்பில் எனக்கு இப்போது அவ்வளவு வாய் இல்லை.

சகோதரிகளே, ஆசையை மறைத்துவிட்டு ஜெபிக்காதீர்கள். உள்ளதை உள்ளபடி அவரிடம் சொல்லுங்கள். நீங்கள் நினைக்காத ஆளை அனுப்புவார்.

விடிந்தால் இன்றும் அந்தக் குரல் படலையடியில் கேட்கும். மாமி எழும்பிப் போய் மீனை வாங்குவார். நான் பாயில் கிடந்தபடி கேட்பேன், அழுவேன், ஸ்தோத்திரம் சொல்வேன்.