சிவப்புக்குப் பின்னால் ஒரு காய்

"...செவப்பப் போட்டா மட்டும் போதுமா வக்கீலம்மா? அடுத்த அடியிலயே ஒன் காய் ஒண்ணு விழணும். இல்லன்னா செவப்பு மறுபடி நடுவுக்குத்தான் வரும்" என்றாள் மலர்.

மலர் என் தோழி, தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்து ஆசிரியை. ஞாயிறுதோறும் எங்கள் லயத்து வரிசை வீட்டில் கெரம் பலகை போட்டு ஆடுவோம். ஆனால் அவள் அன்று சொன்னது என் வேலை விண்ணப்பத்தைப் பற்றி. சட்டம் முடித்து எத்தனையோ இடத்துக்கு எழுதியும் யாரும் கூப்பிடவில்லை. ஹட்டனில் ஒரு சட்டத்தரணி தனக்கு உதவியாளர் தேடினார். அதுவும் கிடைக்காவிட்டால் கொழும்பில் துணிக்கடை வேலைக்குப் போவதென்று முடிவு செய்திருந்தேன்.

"முதல் வகுப்புன்னு எழுதியிருக்க. அதுதான் செவப்பு. பின்னால என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்லயே."

"லயத்துச் சனத்துக்குப் பொறப்பு சர்ட்டிபிகேட் எடுக்க, அரசாங்கக் கந்தோர் ஒவ்வொண்ணா ஏறிச் சிங்களத்துல பேசுறியே, அது என்ன, எதிராளி காயா?"

வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக்கூடாது என்று வளர்ந்தவள் நான். செய்ததைச் சொல்வது வேறு, சொல்லிக்காட்டுவது வேறு என்று அன்றுதான் புரிந்தது. அதையும் எழுதி அனுப்பினேன்.

நேர்முகத் தேர்வுக்கு வரச் சொன்னார்கள். அந்தச் சந்தோஷத்தோடு அடுத்த ஞாயிறு ஆடியபோது என் அடியில் சிவப்பு விழுந்தது. அடுத்த அடி தவறியது.

"விடு மலர், அதான் கூப்பிட்டுட்டாங்கல்ல" என்றேன்.

"கூப்பிட்டுத்தான இருக்காங்க" என்றாள் அவள். பிறகு குழியிலிருந்து சிவப்பை எடுத்து, பலகையின் நடுவில் வைத்தாள்.