மலைவீட்டில் வைத்த உப்பு

சுனாமிக்கு அடுத்த வருஷம் நான் ஒரிசாவுக்குப் போனேன். என் மகன் மரக்காணம் உப்பளத்தில் தொழில் பழகி, அங்கே கஞ்சாம் பக்கத்து உப்பளத்தில் மேஸ்திரியாகச் சேர்ந்தவன். அந்த ஊர்ப் பெண்ணையே கட்டிக்கொண்டான். அவன் அப்பா போன பிறகு வீட்டில் நான் ஒருத்திதான். அவனை ஊருக்குத் திரும்பி வரச் சொல்லத்தான் அவ்வளவு தூரம் ரயிலேறினேன். ஆனால் யாரிடமும் போய் நின்று கேட்டுப் பழக்கமில்லை எனக்கு, பெற்ற பிள்ளையிடமும்தான். போய் ஒரு வாரமாகியும் வாய் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மலைக்குக் கூட்டிப்போனான். பஸ்ஸில் அவனும் மருமகளும் முன்சீட்டில் ஒரியாவில் பேசிச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

மேலே காட்டுக்குள் வெந்நீர் ஊற்று. அடுப்பும் இல்லை, விறகும் இல்லை, தண்ணீர் தானாகச் சுட்டுக்கொண்டு வருகிறது. தீக்குச்சி கிழித்த மாதிரி ஒரு வாடை. பெண்கள் தொட்டியில் நானும் மருமகளும் இறங்கினோம். அவள் கேட்காமலே என் முதுகைத் தேய்த்துவிட்டாள். என் முதுகை ஒருத்தர் தொட்டு எத்தனை வருஷமோ ஆகிவிட்டது. நன்றாக இருக்கிறது என்று சொல்ல அவள் பாஷையில் ஒரு வார்த்தை தெரியவில்லை. தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னாம்மா, எப்பிடி இருந்துச்சு?" என்றான் மகன்.

"முட்டை போட்டா வெந்துடும்டா."

"உப்பளத்து வெயில்லயே வேகாதவ, நீயா இதுல வேகப்போற!"

சிரித்தேன். அப்போதே கேட்டிருக்கலாம். அதற்குள் அவன் அந்தப் பேச்சைப் பெண்டாட்டிக்குச் சொல்லத் திரும்பிவிட்டான்.

அங்கிருந்து நடக்கிற தூரத்தில் மலைச்சனங்களின் ஊர். உப்பு வாரும் காலத்தில் மகனிடம் வேலைக்கு இறங்கி வரும் ஒருத்தி எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். என் வயசுதான் இருக்கும். நெற்றியிலிருந்து மூக்குவரை பச்சை குத்திய கோடு, காதில் மரத்தில் செய்த தோடு. கேழ்வரகுக் கூழ் ஊற்றினாள். குடித்துவிட்டு, நான் ஊரிலிருந்து கொண்டுபோயிருந்த உப்புப் பொட்டலத்தை எடுத்தேன். "உப்பளத்துக்கே உப்பு தூக்கினு வந்துருக்கியே" என்று மகன் கேலி செய்த பொட்டலம்.

அவள் இரண்டு கையையும் நீட்டினாள். நம் பக்கத்தில் உப்பைக் கையில் தரமாட்டோம். தந்தால் உறவு கெடும், கீழே வைத்தால் எடுத்துக்கொள்வார்கள். நானும் கீழே வைத்தேன். அவள் கை அப்படியே நின்றது. பிறகு புடவைக்குள் போய்விட்டது. முகம் சுருங்கிப்போனது.

அப்புறம்தான் எனக்குப் புரிந்தது. தன்னைத் தொட மனசில்லாமல் வைத்தேன் என்று நினைத்துவிட்டாள்.

"அய்யோ, அதுக்கில்லம்மா" என்றேன் தமிழில். யாருக்குப் புரியும்? "டேய், நம்ம வழக்கம் இதுன்னு சொல்லுடா அவங்ககிட்ட."

மகன் குந்தி உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தான். கைநிறைய உப்பை அள்ளி அவள் கையில் வைத்தான். அவள் சிரித்து அவன் கன்னத்தைத் தட்டினாள்.

"இன்னாடா இது?"

"இங்க கையில குடுத்தாத்தாம்மா குடுத்த மாதிரி."

சின்ன வயசில் அவன் அப்பா சோற்றுக்கு உப்புக் கேட்டால் கிண்ணத்தைத் தரையில் நகர்த்தி வைக்கிற பிள்ளை. இப்போது அவன் கை கொஞ்சம்கூடத் தயங்கவில்லை.

அவள் என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள். கோபமில்லை. மகன் அவர்கள் பாஷையிலேயே என்னவோ சொல்ல, மருமகள் பதில் சொல்ல, வீடே சிரித்தது. அந்த வீட்டில் வேற்று ஆள் நான் ஒருத்திதான்.

திரும்பும் பஸ்ஸில் மருமகள் தூங்கிவிட்டாள். மகன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"ஏம்மா, வந்ததுலேர்ந்து ஏதோ சொல்ல வர்ற, முழுங்கிடற. இன்னா?"

"ஒண்ணுமில்லடா. எனக்கு டிக்கெட் எப்ப எடுக்கற?"

"அதுக்குள்ளயா? இன்னும் கொஞ்ச நாள் இரேன்."

"வீடு பூட்டிக் கிடக்குது."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை ரயிலுக்குப் பார்க்கிறேன் என்றான். சரி என்றேன்.