அப்பா வந்தால் அணைகிற கம்ப்யூட்டர்

பன்னிரண்டாவதோடு படிப்பை முடித்துக்கொண்ட நான் இதை எழுத உட்கார்ந்திருப்பது அதிகப்பிரசங்கித்தனம்தான். பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தில் குரல் கொடுக்கக் கூச்சப்பட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்து வருகிற ஆள் நான். போன வாரம் என் மகனின் லேப்டாப் தானாக அணைந்து தானாக எழுந்தது. அவன் எரிச்சலோடு தட்டிக்கொண்டிருந்தான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எதற்குச் சிரிக்கிறாய் என்று கேட்டான். சொல்ல வாய் வரவில்லை. வாயில் வராததைக் கையால் எழுதிப் பார்க்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது நாங்கள் வேங்கிக்காலில் புதிதாகக் கட்டிய வீட்டுக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அப்பா அரசு அலுவலகம் ஒன்றில் மனுக்களைச் சரிபார்க்கும் வேலையில் இருந்தார். வருகிற மனுக்களில் எல்லாம் எங்கேயோ ஒரு பொய் ஒளிந்திருக்கிறது என்று நம்புவதுதான் அவருடைய வேலை. அந்த நம்பிக்கையை அலுவலகத்திலேயே வைத்துப் பூட்டிவிட்டு வர அவருக்குத் தெரியாது. ரசத்தில் உப்பு கூடிவிட்டால், "உப்பு ஜாஸ்தி" என்று மற்றவர்கள் சொல்வார்கள். அப்பா, "இதுல யாரு கை வெச்சது?" என்று கேட்பார்.

அக்கா டவுனில் கல்லூரியில் கடைசி வருடம் கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்காகத்தான் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. எங்கள் தெருவில் முதல் கம்ப்யூட்டர் அது. சித்தப்பா தனக்குத் தெரிந்த ஒருவரிடம் சொல்லி, பாகங்களைச் சேர்த்துக் கட்டி வாங்கி வந்தார். டிவி மாதிரி இருந்த பாகம் மேஜை மேல். பெட்டி மாதிரி இருந்த பாகம் மேஜைக்குக் கீழே, தரையில். அந்தப் பெட்டிதான் கம்ப்யூட்டரின் உயிர் என்று சித்தப்பா சொன்னார். உயிரை எதற்குக் காலடியில் வைத்தார்கள் என்று எனக்குச் சந்தேகம். கேட்கவில்லை.

அம்மாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. பெரிய கோயிலுக்குப் போய் வந்தால், பொட்டலத்தில் கொண்டுவந்த விபூதியை வீட்டில் இருக்கிற எல்லாப் பொருளுக்கும் வைப்பாள். பீரோ, தையல் மிஷின், பிரிட்ஜ், அப்பாவின் வண்டி, எதையும் விடமாட்டாள். கம்ப்யூட்டருக்கும் வைத்தாள். ஆனால் மேலே இருந்த டிவி பாகத்துக்கு மட்டும்தான். கீழே இருந்த பெட்டிக்கு வைக்கவில்லை. கால் படுகிற இடத்தில் விபூதி வைக்கக் கூடாது என்பது அவளுடைய கண்டிப்பு. ஒரு சிட்டிகை தரையில் சிந்திவிட்டால்கூட ஈரத்துணியில் துடைத்தெடுத்து, துணியைச் செம்பருத்திச் செடி மேல் பிழிந்துவிட்டு வருவாள்.

கம்ப்யூட்டர் வந்து கொஞ்ச நாளில் அந்தக் கோளாறு ஆரம்பித்தது. சாயங்காலம் அப்பா வீட்டுக்குள் நுழைகிற நேரத்தில், அக்கா உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருக்கும்போதே திரை இருட்டாகிவிடும். பிறகு தானாக உயிர் வந்து, கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடும். முந்தைய தடவை முறையாக அணைக்கப்படவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வாசகம் வரும். அப்பா அதை மனு படிப்பதுபோல விரல் வைத்துப் படித்தார்.

"ஒழுங்கா அணைக்கலைன்னு அதுவே சொல்லுது. அணைச்சது யாரு?"

"யாரும் அணைக்கலப்பா. தானா ஆவுது," என்றாள் அக்கா.

"தானா ஆவுறது அதென்ன நான் வரும்போது மட்டும் ஆவுது?"

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒருவரை ஒருவர் பார்க்கிற பார்வையே மாறிவிட்டது. அப்பாவுக்கு முதலில் சித்தப்பா மேல் சந்தேகம். பழைய பாகங்களைப் புதிது என்று சொல்லித் தலையில் கட்டிவிட்டான் என்று நினைத்தார். சித்தப்பாவுக்குத் தெருக்கோடி மாவு மில் மேல் சந்தேகம். "அவன் மிஷின் போட்டான்னா நம்ம வீட்டுல கரண்ட் கம்மியாவுதுண்ணா," என்றார். அப்பா நேரே போய் மில் வாசலில் நின்று பார்த்தார். அந்த நேரத்தில் மில் பூட்டியிருந்தது. அம்மாவுக்கு எதிர்வீட்டுக்காரம்மாள் மேல் சந்தேகம். கம்ப்யூட்டர் இறங்கிய அன்று அந்த அம்மாள் வாசலில் நின்று, "உங்களுக்கென்னம்மா, மிஷினு எல்லாம் வாங்குறீங்க," என்று சொல்லியிருந்தாள். எனக்கு எல்லோர் மேலும் சந்தேகமாக இருந்தது. சித்தப்பா வைரஸ் என்று ஒரு வார்த்தை சொன்ன பிறகு, மேஜைக்குக் கீழே கால் நீட்டவே பயந்தேன்.

கடைசியில் அப்பாவின் சந்தேகம் சுற்றிச் சுற்றி அக்கா மேல் வந்து நின்றது. அதற்கு ஒரு காரணம் இருந்தது. அக்காவுக்குப் படிப்பு முடிந்ததும் மெட்ராஸில் வேலைக்குப் போக ஆசை. ஒரு தரம் கேட்டாள். "உன்ன ஹாஸ்டல்ல விட்டுட்டு நான் இங்க தூங்கணுமா?" என்றார் அப்பா. அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது. கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு வரன் வந்திருந்தது. பரீட்சை முடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று அம்மாதான் தள்ளிப்போட்டுக்கொண்டு வந்தாள்.

ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அப்பா சொன்னார்.

"மெக்கானிக்க வரச் சொல்லி இருக்கேன். மிஷின்ல கோளாறுன்னா சரி. கோளாறு இல்லன்னு அவன் சொல்லிட்டான்னா, எனக்குத் தெரியாம இந்த வீட்டுல என்னமோ நடக்குதுன்னு அர்த்தம். மிஷினும் வேணாம், பரீட்சையும் வேணாம். கீழ்பென்னாத்தூர்க்காரங்கள வரச் சொல்லிடுவேன்."

அக்கா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா அவருக்கு மோர் ஊற்றினாள்.

மெக்கானிக் உடனே வரவில்லை. பௌர்ணமிக்கு டவுனுக்குள் வண்டி விடமாட்டார்கள், கிரிவலக் கூட்டம் வடிந்ததும் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டார். நடுவில் இருந்த நாட்களுக்கு அப்பா ஒரு ஏற்பாடு செய்தார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நீ பாட்டுக்குப் புத்தகத்த வெச்சிக்கினு உக்காரு. யாரு என்ன பண்றாங்கன்னு பாத்து எனக்குச் சொல்லு," என்றார். பிறகு அம்மாவிடம், "இவ வாய்தான் தொறக்கமாட்டா. கண்ணு நல்லாத் தெரியும்," என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது. அப்பா என்னைப் பற்றிச் சொல்லி நான் கேட்ட முதல் பாராட்டு அது. எனக்குப் பெருமையாக இருந்தது.

சுவரோரம் தரையில் உட்கார்ந்தேன். தரையில் உட்கார்ந்தால் மேஜைக்கு மேலே நடப்பது பாதிதான் தெரியும், கீழே நடப்பது முழுவதும் தெரியும் என்பதை அப்பா யோசிக்கவில்லை. அக்காவும் யோசிக்கவில்லை.

தண்ணீர்த் தொட்டித் திருப்பத்தில் அப்பாவின் வண்டிச் சத்தம் கேட்டது. அக்காவின் வலது கால் மெதுவாக முன்னால் நகர்ந்தது. மருதாணி சிவந்திருந்த கட்டை விரல், பெட்டியின் முகப்பில் இருந்த சின்னப் பட்டனைத் தேடிப் பிடித்து அமுக்கியது. திரை இருட்டானது. அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தபோது வெள்ளை எழுத்துகள் ஓடிக்கொண்டிருந்தன.

"திரும்பவும் ஆயிடுச்சா?"

"ஆமாம்பா. டைப் பண்ணதெல்லாம் போச்சு," என்று அக்கா அழுகிற குரலில் சொன்னாள். நல்ல நடிப்பு. எனக்கே அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

நான் சும்மா தண்ணீர் குடிக்க எழுந்ததுபோல அதற்கு முன்பே ஒரு தரம் திரையை எட்டிப் பார்த்திருந்தேன். அக்காவின் பெயர், வயது, படிப்பு எல்லாம் ஆங்கிலத்தில் வரிசையாக இருந்தது. மேலே மெட்ராஸ் விலாசம் ஒன்று. வரன் வந்திருப்பதால் அக்காவே தன்னைப் பற்றி எழுதுகிறாள், அதை அப்பா பார்த்துவிடக் கூடாது என்று வெட்கப்படுகிறாள் என்று நான் முடிவு செய்தேன். கூச்சம் எனக்குத் தெரிந்த விஷயம். அதனால் அதற்கு மேல் யோசிக்கவில்லை.

அப்பாவிடம் நேரே போய்ச் சொல்ல எனக்கு வாய் எழவில்லை. அம்மாவிடம் சொன்னால் அம்மா சொல்லிவிடுவாள் என்று சமையலறைக்குப் போனேன். அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அது தானா அணையல. அக்காதான் கால் வெரலால அமுக்குறா."

துருவுகிற கை நின்றது.

"அப்பா கிட்ட சொன்னியா?"

"இல்ல."

"அதுல என்ன எழுதி இருந்துது?"

"அக்கா பேரு, வயசு, படிப்பு. மெட்ராஸ் அட்ரஸ்."

அம்மா துருவிய தேங்காயை ஒரு பக்கமாக ஒதுக்கினாள். "சரி. என்கிட்ட சொல்லிட்ட இல்ல, போதும். அப்பா கிட்ட நான் சொல்லிக்கிறேன்," என்றாள். என் வாயில் ஒரு பிடி தேங்காய்த் துருவலைப் போட்டாள். வேலையை ஒழுங்காக முடித்த திருப்தியோடு நான் வெளியே ஓடினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா கறி வாங்கப் போயிருந்தார். அக்கா மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நான் கூடத்துக்குள் வந்தபோது அம்மா மேஜைக்குக் கீழே தரையில் உட்கார்ந்திருந்தாள். கையில் விபூதிப் பொட்டலம். அதைப் பிரித்து, காகிதத்தைக் குழாய்போல மடித்து, பெட்டியின் பக்கவாட்டில் இருந்த இடுக்குகள் வழியாகக் கொட்டினாள். ஒரு சிட்டிகை இல்லை, ஒரு பொட்டலம் முழுக்க. பிறகு இன்னொரு பொட்டலம். என்னைப் பார்த்ததும் காகிதத்தைக் கசக்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"அக்காவுக்குப் பரீட்சை வருது இல்ல, அதான் சாமிய வேண்டிக்கினு போட்டேன்," என்றாள்.

நானும் கண்ணை மூடிக் கும்பிட்டேன்.

மத்தியானம் சித்தப்பா மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு வந்தார். இளவயதுக்காரர், பேச்சு அதிகம். வரும் வழியிலேயே வைரஸ்தான் என்று சித்தப்பாவிடம் சத்தியம் செய்திருந்தாராம். அப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். அக்கா பீரோவில் சாய்ந்து நின்றாள்.

மெக்கானிக் பெட்டியைப் படுக்கவைத்து மூடியைக் கழற்றினார். விபூதி பொலபொலவென்று தரையில் கொட்டியது.

"சார், இது கம்ப்யூட்டரா, கோயிலா?"

சித்தப்பா வெடித்துச் சிரித்தார். அப்பா குனிந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார்.

"யாரு போட்டது?"

"நான்தாங்க," என்றாள் அம்மா. "எல்லாத்துக்கும் வெக்கிற மாதிரி இதுக்கும் தெனம் போட்டுக்கினு வந்தேன். அடிக்கடி அணையுதேன்னு கொஞ்சம் ஜாஸ்தியாவே போட்டேன்."

"போடப் போடத்தாம்மா அணைஞ்சிருக்குது," என்று மெக்கானிக் உற்சாகமாகிவிட்டார். வைரஸ் அவருக்கு மறந்தே போனது. "உள்ள ஃபேன் சுத்தலன்னா சூடு ஜாஸ்தியாவும் சார். சூடு ஏறிச்சின்னா அதுவா ஆஃப் ஆயி அதுவா வரும்."

"நான் வரும்போது மட்டும் ஏன் ஆவுது?" அப்பா விடவில்லை.

"நீங்க வர்றது சாயங்காலம். பாப்பா காலேஜ் விட்டு வந்ததுல இருந்து இது ஓடிக்கினு இருக்குது. நீங்க வர்ற நேரத்துக்குத்தான் சூடு உச்சிக்குப் போயிருக்கும்." அப்பா மெதுவாகத் தலையாட்டினார். மெக்கானிக் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு மறுபடி குனிந்தார். "ஆனா பாருங்க சார், தூசி அடியில கறுப்பாப் படிஞ்சிருக்குது. விபூதி மட்டும் மேல வெள்ளை வெளேர்னு, இப்பப் போட்ட மாதிரி..."

"தம்பி, காபி குடிக்கிறீங்களா, மோர் கொண்டாரட்டுமா?" என்று அம்மா கேட்டாள்.

"மோர் குடுங்கம்மா," என்று மெக்கானிக் சொல்ல வந்ததை விட்டுவிட்டார்.

அப்பா சட்டென்று என் பக்கம் திரும்பினார். "நீ பாத்துக்கினு இருந்தியே. எதுனா பாத்தியா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மெக்கானிக்கும் பார்த்தார். அந்நிய ஆள் முன்னால் எனக்கு எப்போதுமே நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதுவும் அம்மா சொல்லிக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கும்போது நான் எதற்கு என்று நின்றேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இவளக் கேட்டேன் பாரு," என்று அப்பா திரும்பிக்கொண்டார். என் கூச்சம் வாழ்நாளில் யாருக்காவது உதவியிருக்கிறது என்றால் அந்த ஒரு தரம்தான்.

அப்பா அம்மாவைத் திட்டினார். "அறிவு இருக்குதா? மிஷினுக்குள்ள யாருனா விபூதி கொட்டுவாங்களா?" என்று கத்தினார். கத்திக்கொண்டிருக்கும்போதே அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனையோ நாளுக்குப் பிறகு அவர் சிரித்தார். "அண்ணி விட்டா அதுக்கு அபிஷேகமே பண்ணி இருப்பாங்க," என்றார் சித்தப்பா. அம்மாவும் சிரித்தாள்.

அக்கா சிரிக்கவில்லை. அம்மாவின் பின்னாலேயே சமையலறைக்குள் போனாள். நான் வாசற்படியில் நின்றேன். அம்மா மோரை ஆற்றிக்கொண்டே, அவளைத் திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்.

"இனிமே அந்தப் பெட்டி மேல கால் படக் கூடாது. இன்னொரு தரம் என்னால ஆவாது."

"சரிம்மா," என்றாள் அக்கா.

அக்கா பரீட்சை எழுதினாள். மெட்ராஸிலிருந்து வேலைக்குக் கூப்பிட்டார்கள். அப்பா கத்தினார், ரெண்டு நாள் சாப்பிடவில்லை, பிறகு அவரே பஸ் ஏற்றிவிட்டு வந்தார். கல்யாணம், காதுகுத்து என்று சொந்தக்காரர்கள் எங்கே கூடினாலும் கம்ப்யூட்டருக்கு விபூதி போட்ட கதையை யாராவது எடுப்பார்கள். புதிதாக வந்த மருமகள்களுக்கெல்லாம் அதைச் சொல்லித்தான் அம்மாவை அறிமுகப்படுத்துவார்கள். அம்மா ஒரு தடவைகூட மறுத்துப் பேசியதில்லை. அவர்களோடு சேர்ந்து சிரிப்பாள்.

சிந்திய ஒரு சிட்டிகையைக்கூடத் துடைத்தெடுக்கிறவள், கால் படுகிற இடத்தில் இரண்டு பொட்டலம் கொட்டினாளே என்று எனக்கு அன்று தோன்றவே இல்லை. அக்கா வெட்கத்தில் பட்டனை அமுக்கினாள், அம்மா பக்தியில் விபூதி போட்டாள், இரண்டும் ஒரே பெட்டியில் நடந்துவிட்டது என்றுதான் நினைத்துக்கொண்டேன். அம்மா அப்பாவிடம் எப்போது சொல்லப்போகிறாள் என்று கொஞ்ச நாள் காத்திருந்தேன். பிறகு மறந்துவிட்டேன்.

மெக்கானிக் வந்துபோன மறுநாள் திங்கட்கிழமை. சாயங்காலம் தண்ணீர்த் தொட்டித் திருப்பத்தில் அப்பாவின் வண்டிச் சத்தம் கேட்டது. அக்கா இரண்டு கால்களையும் மடக்கி நாற்காலி மேல் வைத்துக்கொண்டாள். திரையில் கல்லூரிப் பாடம் இருந்தது. அப்பா உள்ளே வந்தார். கம்ப்யூட்டர் அணையவில்லை.