தொடாமல் ஒரு நாள்

“மதாம், தூஷே பா! தொடாதேங்கோ! எவ்வளவு வேணும் எண்டு சொல்லுங்கோ, நான் எடுத்துத் தாறன்.”

வெண்டிக்காயின் நுனியை முறித்துப் பார்க்கப் போன விரல் பாதியிலேயே நின்றுவிட்டது. நிரோஜினி அக்காவின் குரலுக்கு அப்படி ஒரு பலம். வந்திருப்பது பிரெஞ்சுக்காரியா தமிழ்ப் பெண்ணா என்ற பேதமெல்லாம் கிடையாது. முதலில் பிரெஞ்சில் ஓர் அதட்டல், கையோடு தமிழில் அதே அதட்டல், அதற்குப் பிறகு கன்னம் குழிய ஒரு சிரிப்பு. நுனி முறிந்த வெண்டிக்காயை அடுத்தவர் வாங்கமாட்டார், முறித்தவரும் வாங்கமாட்டார். ஆகவே பாரிஸின் லா ஷப்பலில், ரூ து ஃபொபூர் சேன்-தெனி தெருவின் மேல்முனையில் இருக்கிற அந்த மரக்கறிக் கடையில், வெண்டிக்காயைத் தொடும் உரிமை ஒரே ஓர் ஆளுக்குத்தான்.

அந்த ஓர் ஆளின் கைகளோ உலகத்தில் எதையும் விட்டுவைப்பதில்லை. அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. இந்தக் கடையில் இருபது வருடம். புறநகர் கார்ஜ் லே கொனெஸிலிருந்து காலை ரயிலில் வரும்போதே வேலை தொடங்கிவிடும். பக்கத்து இருக்கைக்காரியின் பையிலிருந்து லீக்ஸ் தண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், கேட்காமலே உள்ளே தள்ளிவிடுவார். சூப்பர்மார்க்கெற்றுக்குப் பால் வாங்கப் போனால் தக்காளிப் பெட்டியின் முன்னால் பத்து நிமிடம் போகும். அழுகியதைப் பொறுக்கி எடுத்து அங்கே வேலை செய்கிறவரின் கையில் வைத்து, “இது கிடந்தால் மற்றதெல்லாம் பழுதாப்போம்” என்று தமிழிலேயே சொல்லிவிட்டு வருவார். அந்த மனிதரும் பாவம், “மெர்சி மதாம்” என்பார்.

கூடப் போகிற மகள் சாம்பவிக்குத்தான் சீவன் போகும். ஒருமுறை அவளுடைய பள்ளித் தோழியின் வீட்டுக்கு விருந்துக்குப் போயிருந்தார்கள். தோழியின் தாயார் மேசையில் அழகுக்கென்று ஒரு பழக்கூடை வைத்திருந்தார். அவர் கோப்பி கொண்டுவரக் குசினிக்குள் போன நேரம் பார்த்து, அக்கா அதைப் பிரித்து, கனிந்தது கனியாதது என்று இரண்டாக அடுக்கிவிட்டார். அதற்குப் பிறகு ஒரு வருடம் சாம்பவி அம்மாவை எங்கேயும் கூட்டிப்போகவில்லை.

சாம்பவிக்கு இப்போது இருபத்துநான்கு வயது. பாரிஸில் பிறந்தவள். அம்மா தமிழில் கேட்பார், மகள் பிரெஞ்சில் பதில் சொல்வாள். வீட்டில் அது வழமையாகிவிட்டது. படிப்பு முடித்து, தெற்கே துலூஸ் நகரில் வேலை கிடைத்திருந்தது. அடுத்த மாதமே போகவேண்டும். போகமுதல் அம்மாவுக்கு ஏதாவது செய்யவேண்டும் என்று அவள் யோசித்த நேரத்தில்தான், கடைக்கு வந்த இடத்தில், அம்மா ஒரு பெட்டியை உடைக்கிற கூத்தைப் பார்த்தாள்.

கடைக்குக் கிழமையில் இரண்டு தரம் தாய்லாந்திலிருந்து விமானத்தில் பெட்டிகள் வரும். பயித்தங்காய், பச்சைமிளகாய், வாழைப்பூ. இருபது வருடமாக அவற்றை உடைப்பது அக்காதான். ஈரத்துக்கு வைத்திருக்கிற பத்திரிகைத் தாளின் தாய்லாந்துச் சுழி எழுத்தில் ஒன்றைக்கூட அவருக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் பயித்தங்காய்ப் பிடியைக் கட்டியிருக்கிற கட்டைப் பார்த்தே, கட்டிய ஆள் பழையதா புதியதா என்று சொல்லிவிடுவார். அன்றைக்கும் ஒரு பிடியைத் தூக்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

“மனுசி இண்டைக்கு லீவு போல. ஆரோ ஒரு அவசரக்குடுக்கை கட்டியிருக்கு.”

அந்த மனுசி யார், எந்த ஊர், உண்மையில் மனுசிதானா என்று யாருக்குத் தெரியும்! அக்காவுக்கு மட்டும் அவர் பக்கத்து மேசையில் நின்று வேலை செய்கிற ஆள் மாதிரி. அதைக் கேட்டுக்கொண்டு நின்ற சாம்பவி அன்றிரவே முடிவு எடுத்தாள். தாய்லாந்துக்கு ஏழு நாள். மூன்றாம் நாள் பிரெஞ்சு பேசுகிற வழிகாட்டியோடு சந்தைகளுக்கு ஒரு நாள் பயணம். ஒன்று வாய்க்காலில் படகுகள் மிதக்கிற சந்தை, மற்றது ரயில் பாதையில் நடக்கிற சந்தை.

செய்தியைச் சொல்லும்போதே ஒரு நிபந்தனையும் போட்டாள். அன்றைக்கு அம்மா வாடிக்கையாளர். பார்க்கலாம், சாப்பிடலாம், படம் எடுக்கலாம். ஒரு மரக்கறியையும் தொடக்கூடாது. அடுக்கக்கூடாது. ஒருவருக்கும் புத்தி சொல்லக்கூடாது. ஒரே ஒரு நாள்.

“ஓம் பிள்ளை. சத்தியமாத் தொடமாட்டன்.”

அடுத்தநாள் லா ஷப்பல் முழுக்கத் தெரிந்துவிட்டது. கத்தரிக்காய் நிறுத்தாலும் தாய்லாந்து, கீரை கட்டினாலும் தாய்லாந்து. கடைக்காரர் மதுஷன் அக்காவைவிடப் பதினைந்து வயது இளையவர். அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

“என்னக்கா, மாக்கெற்றில நிண்டு களைச்சுப்போய் லீவு எடுத்து, பேந்தும் மாக்கெற்றுக்கோ போறியள்? கடற்கரைக்குப் போங்கோவன்.”

“கடலில என்ன கிடக்கு? தண்ணி!”

“அது சரி, கையை வைச்சுக்கொண்டு சும்மா இருப்பியளோ?”

அக்கா நிறுத்துக்கொண்டிருந்த பாவற்காயைத் தட்டில் விட்டார். குரல் தணிந்தது.

“இருப்பன் தம்பி. இருக்கத்தான் வேணும். என்ர பிள்ளை துலூசுக்குப் போகமுந்தி ஒரு நாளாவது வெக்கப்படாமல் என்னோட சந்தைக்குள்ள நடக்கோணும். எனக்கு அது காணும்.”

மதுஷன் தட்டில் விட்ட பாவற்காயைத் தானே நிறுத்துப் பையில் போட்டார்.

ஒத்திகைகூட நடந்தது. ரயிலில் இரண்டு கைகளையும் கைப்பையின் வாரில் சுற்றிக்கொண்டு இருந்தார். சூப்பர்மார்க்கெற்றில் கோட்டுப் பைக்குள் கைகளை விட்டுக்கொண்டு, தக்காளிப் பக்கம் திரும்பாமல், விறைத்துக்கொண்டு நடந்தார். பால் வாங்கப் போன ஆள் பால் வாங்க மறந்து வீட்டுக்கு வந்ததுதான் மிச்சம்.

அந்த மூன்றாம் நாளும் வந்தது. விடிய நாலு மணிக்கே அக்கா குளித்து, பூப்போட்ட சட்டை போட்டு, தொப்பியும் வைத்து, கட்டில் நுனியில் தயாராக இருந்தார். ஏழு மணிக்கு மினிபஸ். பயணிகள் பத்துப் பேர், எல்லாரும் பிரான்ஸிலிருந்து வந்தவர்கள். வழிகாட்டியின் பெயர் பிம். மெலிந்த தாய்லாந்துப் பெண், பிரெஞ்சு அவள் வாயில் மழையாய்ப் பொழிந்தது. முன் இருக்கையில் போர்தோவிலிருந்து வந்த வயதான தம்பதி. அக்கா கண்ணாடியோடு முகத்தை ஒட்டிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு கூச்சல்.

“சாம்பவி, அங்கை பார், வாழை! ஐயோ, மிளகாய்த் தோட்டம் பிள்ளை! எவ்வளவு வடிவா நிக்குது!”

படகில் ஏறியதும் அக்கா புத்திசாலித்தனமாக இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் இருந்துகொண்டார். வாய்க்கால் நிறையப் படகுகள். மாம்பழம், றம்புட்டான், தணலில் வாட்டிய வாழைப்பழம், படகுக்குள்ளேயே கொதிக்கிற நூடில்ஸ். அக்காவின் கண்கள் ஓடிய ஓட்டத்துக்குப் படகு போதாது. திடீரென்று துள்ளி எழும்பப் பார்த்தார், படகு ஆடியது.

“இந்தக் கட்டு! பிள்ளை, இது எங்கட மனுசியின்ர கட்டு! பார், கடைசியில உள்ளுக்கை விட்டு இழுத்திருக்கிறதைப் பார்!”

எதிர்ப் படகில் ஒரு கிழவி பயித்தங்காய் வைத்திருந்தார். அக்காவின் வலதுகை தொடைக்கடியிலிருந்து எப்படி வெளியே வந்தது என்று அவருக்கே தெரியாது.

“அம்மா, தூஷ் பா!”

கை திரும்பி உள்ளே போய்விட்டது. தன்னுடைய அதட்டலைத் தானே வாங்கிக்கொண்டது அக்காவுக்குச் சிரிப்பாகவும் இருந்தது, சுருக்கென்றும் இருந்தது. லா ஷப்பல் தெருவில் எத்தனை மதாம்கள் இதை வாங்கிக் கட்டியிருப்பார்கள்!

அதைவிடப் பெரிய சோதனை பிறகுதான் வந்தது. போர்தோ அம்மையார் மாம்பழம் வாங்கினார். பத்து நல்ல பழத்தை ஒதுக்கிவிட்டு, தேடிப்பிடித்து, காம்படியில் கன்றிப்போன ஒன்றை எடுத்தார். அக்கா கீழுதட்டைக் கடித்தார். அம்மையார் இரண்டாவதும் அதே மாதிரி எடுத்தார். அக்கா கண்களை இறுக மூடிக்கொண்டார். சாம்பவி இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். மெதுவாக அம்மாவின் தோளில் தலையைச் சாய்த்து, “மெர்சி” என்றாள். அக்காவுக்கு வானத்தில் பறக்கிற மாதிரி இருந்தது. பாதி நாள் போய்விட்டது. இன்னும் பாதி!

பிறகு இரண்டாவது சந்தை, ரயில் பாதைச் சந்தை. தண்டவாளத்தின் இரண்டு பக்கமும், தண்டவாளத்தைத் தொட்டுக்கொண்டு, கடைகள். தலைக்கு மேலே கடைக்குக் கடை படங்குப் பந்தல். மீன் இருக்கிறது, கீரை இருக்கிறது, மிளகாய் குவியல் குவியலாக இருக்கிறது. நடுவே நடக்கிற பாதைதான் ரயிலுக்கும் பாதை. ரயில் வருகிறபோது பந்தலை மடக்கி, தட்டை உள்ளே இழுத்து, போனதும் திரும்ப விரிப்பார்கள். பிம் எல்லாரையும் ஒரு கடைச் சுவரோடு நிறுத்தினாள். கோட்டுக்குப் பின்னால் நில்லுங்கள், ஒன்றையும் தொடாதீர்கள், அவர்களுக்கு அவர்களுடைய வேலை தெரியும் என்றாள். அக்கா கைப்பையின் வாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

மணி அடித்தது. பந்தல்கள் ஒன்றன்பின் ஒன்றாக மடங்கின. வளைவில் ரயிலின் முகம் தெரிந்தது. ஆள் நடக்கிற வேகம்தான். ஆனாலும் ரயில் ரயில்தானே.

அப்போதுதான் வேறொரு கூட்டத்து மனிதர், கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பின்பக்கமாக இரண்டு அடி வைத்தார். முதுகுப்பை எதிர்க்கடைத் தேசிக்காய்த் தட்டில் மோதியது. தட்டு கவிழ்ந்து, தேசிக்காய் அத்தனையும் தண்டவாளத்தில் உருண்டது. கடைக்காரிக்கும் அக்காவின் வயதுதான் இருக்கும். தனி ஆள். இரண்டு கையாலும் பந்தல் கம்பைப் பிடித்திருந்தார். விட்டால் படங்கு ரயிலில் மாட்டிக்கொள்ளும். அவர் கொட்டிய தேசிக்காயைப் பார்த்தார், ரயிலைப் பார்த்தார், ஏதோ சொல்லிக் கத்தினார். அந்தக் கத்தலுக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை.

அக்காவின் விரல்கள் வாரில் இறுகி வெளுத்துவிட்டன. ஆனால் அவர் ரயிலைப் பார்க்கவில்லை, தேசிக்காயையும் பார்க்கவில்லை. மகளின் முகத்தைப் பார்த்தார்.

சாம்பவி கத்தினாள். பிரெஞ்சில் அல்ல.

“எடுங்கோ அம்மா! கெதியா எடுங்கோ!”

அவ்வளவுதான். அக்கா எப்போது கோட்டைத் தாண்டினார், எப்போது முழங்கால் குத்தினார் என்று பார்த்தவர்களாலும் சொல்லமுடியாது. ஒவ்வொன்றாகப் பொறுக்குகிற வேலை இல்லை அது. இரண்டு முன்னங்கையையும் நிலத்தோடு படுக்கவைத்து, வளைத்து, ஒரே இழுப்பு. பக்கத்தில் சாம்பவி, ஒருவரும் சொல்லாமலே, கவிழ்ந்த தட்டைத் தூக்கிச் சரித்து, அதன் வாயை அம்மாவின் கைகளுக்கு நேராகப் பிடித்தாள். ஓர் இழுப்பு, இரண்டு இழுப்பு, மூன்று. சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளி விட்டு வந்து கடைக்குள் அம்மாவுக்காகக் காத்திருந்த பிள்ளைக்கு எந்த நேரத்தில் தட்டைச் சரிக்கவேண்டும் என்று தெரிந்திருந்தது. ரயில் ஊதியது. அக்கா மகளின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தேசிக்காய்க் கடைக்குள் விழுந்தார். மூக்குக்கு முன்னால் ரயில் போயிற்று. பெட்டிக்குப் பெட்டி ஆட்கள் படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

ரயில் போனதும் பிம் வெளிறிய முகத்தோடு ஓடிவந்தாள். மதாம், இது கூடாது, ஏதாவது நடந்திருந்தால் நான் என்ன பதில் சொல்வது என்று பொரிந்து தள்ளினாள். மற்ற எட்டுப் பேரும் சுற்றி நின்றார்கள். அக்காவுக்குத் தலை குனிந்துவிட்டது. எல்லாம் போச்சு! அரை நாள் காப்பாற்றியது அரை நிமிடத்தில் போச்சு. கரி பிடித்த கைகளைத் தொப்பிக்குள் ஒளித்துக்கொண்டு, மகளின் முகம் சிவப்பதைப் பார்க்கப் பயந்து, நிலத்தைப் பார்த்தார்.

சாம்பவி முழங்காலைத் தட்டிக்கொண்டு எழும்பினாள். பிம்மைப் பார்த்து, போர்தோ அம்மையாரைப் பார்த்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, பிரெஞ்சில் சொன்னாள்: “இவருக்கு இதுதான் தொழில். பாரிஸில் இருபது வருடம். என்னுடைய அம்மா.”

பிம் கடைக்காரியிடம் திரும்பி, தாய்லாந்து மொழியில் ஏதோ சொன்னாள்; அதையேதான் சொல்லியிருக்கவேண்டும். கடைக்காரி அக்காவை மேலிருந்து கீழே பார்த்தார். பாக்குக் கறை பல் தெரியச் சிரித்தார். இரண்டு சின்ன முக்காலிகளைக் காலால் தள்ளிவிட்டார். போர்தோ கனவான் கை தட்டினார்.

தட்டைச் சுற்றி மூன்று பெண்களும் உட்கார்ந்து பிரித்தார்கள். நசிந்ததும் பழுதானதும் இடது பக்கம், நல்லது வலது பக்கம். கடைக்காரியின் கைகளும் அக்காவின் கைகளும் ஒரே தாளத்தில் போய்க்கொண்டிருந்தன. சாம்பவி, மேலே நின்ற பிம்மோடு பேசிக்கொண்டே ஒரு தேசிக்காயை எடுத்தாள். காம்புப் பக்கத்தைப் பெருவிரலால் அமுக்கினாள். பார்க்காமலே இடது பக்கம் போட்டாள்.

அக்கா எட்டி அதை எடுத்தார். வெளிச்சத்துக்குத் திருப்பினார். காம்படியில், சுண்டுவிரல் நகத்தின் அளவுக்கு, ஒரு கறுப்பு. மகளின் பெருவிரல் அமுக்கிய அதே இடம். அதை வலது பக்கம் போடவில்லை, இடது பக்கமும் போடவில்லை. கைப்பையைத் திறந்து உள்ளே வைத்து, ஜிப்பை இழுத்து மூடினார்.